யந்திர இசையும் வெளியீட்டுத் தர்மமும்

(இசை அன்பர்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சங்கீதத்தைப் பற்றிப் பேச வந்த ஒருவன், சுருதியையும் லயத்தையும் ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டு, இன்ன இசைத்தட்டு இன்ன மாதத்தில் இன்ன கம்பெனியின் முத்திரையோடு இன்ன இலக்கம் பொறிக்கப்பட்டுக் கடைக்கு வந்தது என்பதையெல்லாம் விஸ்தாரமாக எடுத்துரைக்கத் தொடங்கினால், கச்சேரிக்கு வந்துவிட்டுப் பாட்டைக் கேளாமல் வாசலில் டிக்கட் கணக்கு எண்ணிக்கொண்டிருப்பவனைப் போல அவன் உங்களுக்குத் தோன்றக்கூடும். பெரும்பாலான இசை வகைகளைப் பொறுத்தவரை அந்த அபிப்பிராயம் நியாயமானதே. ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் இசை ஒரு விசேஷமான இசை. மேல்நாட்டார் இண்டஸ்ட்ரியல் ராக் என்று வழங்கும் இந்த வகை, தொழிற்சாலையின் இரைச்சலைத் தன் நாதமாகவும், யந்திரத்தின் இடையறாத அடியைத் தன் தாளமாகவும் ஏற்றுக்கொண்டு பிறந்தது. உழைக்கிறவன், அவன் கையிலுள்ள யந்திரம், அந்த யந்திரத்துக்கு உடையவன் என்ற மூவருக்கும் இடையேயுள்ள உறவுதான் இதன் உட்பொருள். அந்த உறவு பாட்டின் சொற்களில் வெளிப்படுவதைக் காட்டிலும், பாட்டு வெளியிடப்பட்ட முறையிலேதான் ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படுகிறது என்பதே இன்று நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

அதற்கு உதாரணமாக 1989ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிங்கிளை எடுத்துக்கொள்கிறேன். பாட்டின் பெயர் ‘டவுன் இன் இட்’. குழுவின் பெயர் நைன் இஞ்ச் நெய்ல்ஸ். குழு என்று உலகம் அழைத்ததே தவிர, ஒலிப்பதிவு அறையில் அந்தக் குழு பெரும்பாலும் ஒரே மனிதர். அவர் 1965ல் பிறந்து, பென்சில்வேனியா மாகாணத்தின் மெர்சர் என்ற சிற்றூரில் வளர்ந்த டிரென்ட் ரெஸ்னர்.

சிங்கிள் என்பது இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு முழு ஆல்பத்தைச் சந்தைக்கு அனுப்புமுன், அதிலிருந்து ஒரு பாட்டைப் பொறுக்கியெடுத்துத் தனித்தட்டாக அழுத்தி, வானொலி நிலையங்களுக்கும் நடனக் கூடங்களுக்கும் கடைகளுக்கும் அனுப்புவது ரிகார்டு கம்பெனிகளின் நெடுநாளைய சம்பிரதாயம். எந்தப் பாட்டு, எந்த நாளில், எத்தனை பிரதி, உறையில் எந்தப் படம் என்ற தீர்மானங்கள் யாவும் பணம் போட்டவர்களின் கையில் இருக்கும். பாடியவனுடைய விருப்பம் கேட்கப்படுவதும் உண்டு, கேட்கப்படாமற் போவதும் உண்டு. ஆகவே ஒரு கலைஞனுக்குத் தன் படைப்பின்மேல் எவ்வளவு சுவாதீனம் இருக்கிறது என்பதை அளந்து பார்க்க வேண்டுமானால், சிங்கிளைப் போன்ற அளவுகோல் வேறொன்று அகப்படாது.

இந்த இசை மரபின் மூலவர்கள் அந்த உண்மையை ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார்கள். இரைச்சலையும் இசையாக ஏற்க வேண்டும் என்று இத்தாலியரான லூயிஜி ருஸ்ஸோலோ 1913லேயே வாதாடியது உண்மைதான். என்றாலும் இண்டஸ்ட்ரியல் என்ற பெயர் இசைக்கு ஒட்டிக்கொண்டது, லண்டன் மாநகரில் த்ராபிங் கிரிஸில் என்ற நால்வர் குழு 1976ல் தனக்கென்று ஒரு கம்பெனியைத் தோற்றுவித்து அதற்கு ‘இண்டஸ்ட்ரியல் ரிகார்ட்ஸ்’ என்று நாமகரணம் செய்ததிலிருந்துதான். கவனிக்க வேண்டியது இது: அப்பெயர் முதன்முதலில் ஒரு கம்பெனிக்கு இடப்பட்டது, ஓர் இசைக்கு அன்று. பாட்டு உற்பத்தியும் ஓர் ஆலைத் தொழிலே, அதை மூடி மறைத்து ஆத்மாவின் கூவல் என்று விற்பது பாசாங்கு என்ற பரிகாசம் அந்தப் பெயருக்குள்ளேயே பொதிந்திருந்தது. தங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தை அவர்கள் மரணத் தொழிற்சாலை என்று அழைத்தார்கள். அக்குழுவைச் சேர்ந்த கிறிஸ் கார்ட்டர் ஒலியைத் திரிக்கும் மின்கருவிகளைத் தம் கையாலேயே செய்துகொண்டார். 1977ல் வெளிவந்த அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கு ‘இரண்டாவது ஆண்டறிக்கை’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டி, ஏதோ பங்குதாரர்களுக்குக் கணக்கு ஒப்புவிப்பவர்களைப் போல, 785 பிரதிகள் மட்டுமே அழுத்தி வெளியிட்டார்கள்.

1978ல் ‘யுனைட்டெட்’ என்றொரு சிங்கிளையும் அவர்கள் வெளியிட்டார்கள். முன்பு செய்தவற்றோடு ஒப்பிடுகையில் அது இனிமையான பாட்டு. வானொலியில்கூட வைக்கக் கூடியது. வழக்கமாக ஒரு கம்பெனி, விற்பனையாகும் பாட்டைத் தொடர்ந்து வரும் ஆல்பத்தில் முன்வரிசையில் வைத்து லாபம் தேடும். இவர்களோ அதே ஆண்டில் வெளிவந்த அடுத்த ஆல்பத்தில் அந்தப் பாட்டைச் சேர்க்கத்தான் செய்தார்கள். ஆனால் அதை அதிவேகமாகச் சுழலவிட்டு, முழுப் பாட்டும் 16 விநாடிகளில் ஓடி முடியும்படி சுருக்கிச் சேர்த்தார்கள்! இதைக் குறும்பு என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆயினும் சந்தை எதை எதிர்பார்க்கிறதோ அதை முற்றும் கொடுத்ததுபோலக் கொடுத்து, ஒன்றும் கொடாமலிருந்த இந்தச் சாமர்த்தியத்தில், வெளியீடு என்ற காரியமே கலையின் ஒரு பகுதியாகிவிட்டதை நாம் காண்கிறோம்.

பிறகு அந்த நெருப்பு பல ஊர்களில் பற்றியது. எஃகுத் தொழிலுக்குப் பெயர்போன ஷெஃபீல்டில் கேபரே வால்டேர் என்ற குழுவும், சுவரால் பிளவுண்டு கிடந்த பெர்லினின் மேற்குப் பகுதியில் இரும்புத் தகடுகளையும் துளையிடும் கருவிகளையும் வாத்தியங்களாக்கிக்கொண்ட ஐன்ஸ்ட்யூர்ட்செண்டே நொய்பௌட்டன் என்ற குழுவும், கனடாவின் வான்கூவரில் ஸ்கின்னி பப்பியும், சிகாகோவில் மினிஸ்ட்ரியும் எழுந்தன. சிகாகோவின் லிங்கன் அவென்யூவில் வாக்ஸ் ட்ராக்ஸ் என்ற இசைத்தட்டுக் கடை இருந்தது. அதை நடத்திய ஜிம் நாஷ், டானி ஃப்ளெஷர் என்ற இருவரும், ஐரோப்பாவிலிருந்து தருவித்து விற்றுக்கொண்டிருந்த தட்டுகளைப் போன்றவற்றைத் தாங்களே வெளியிடத் தொடங்கி, இந்த இசைக்கு அமெரிக்காவில் ஒரு வாசஸ்தலம் அமைத்துக் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் யந்திரத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1980களின் நடுவில் சாம்ப்ளர் என்ற கருவி, பெரிய பணக்காரரல்லாதவர்களும் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கியது. எந்த ஒலியையும், அது சம்மட்டி அடியோ கதவு சாத்தும் சத்தமோ மனிதக் குரலோ எதுவாயினும், அந்தக் கருவி எண்களாக மாற்றித் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு பியானோவின் கட்டைகளைப் போன்ற கட்டைகளை அழுத்தினால், அதே ஒலியை வேகங்கூட்டியும் குறைத்தும், ஏறிய சுருதியிலும் இறங்கிய சுருதியிலும் ஒலிக்கும். ரெஸ்னர் கையாண்ட ஈமு கம்பெனியின் ஈமாக்ஸ் என்ற சாம்ப்ளருக்கு நினைவகம் அரை மெகாபைட்டுதான். அதில் சில விநாடி ஒலிக்குமேல் கொள்ளாது. சில விநாடிதான் கொள்ளும் என்றால், அந்தச் சில விநாடியையே திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வதைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது? இந்த இசையில் நம்மை மருட்டுகிற அந்த ஓயாத திரும்பல், சித்தாந்தத்தினால் வந்தது ஒரு பாதி. கருவியின் வறுமையினால் வந்தது மற்றொரு பாதி.

ரெஸ்னர் இளமையில் பியானோவை முறையாகப் பயின்றவர். கல்லூரியில் கம்ப்யூட்டர் பொறியியலைத் தொட்டுப் பார்த்து ஓராண்டிலேயே விட்டுவிட்டு, ஒஹையோ மாகாணத்தின் கிளீவ்லாந்து நகருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ரைட் ட்ராக் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் பொறியாளருக்குக் கையாளாகவும், தரையைத் துடைத்துக் கழிப்பறையைக் கழுவும் எடுபிடியாகவும் வேலை கிடைத்தது. கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்கள் இல்லாத நேரங்களில் கூடத்தைத் தம் சொந்த வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று உரிமையாளர் அவருக்கு அனுமதி அளித்திருந்தார். ஆகவே பகலில் பிறருடைய யந்திரங்களைத் துடைத்து வைத்த கையே, ஊர் அடங்கிய பிறகு அந்த யந்திரங்களை முடுக்கித் தன் பாட்டை இயற்றியது. தாளக் கோவையை ஒழுங்குபடுத்த ஒரு மேக்கிண்டாஷ் பிளஸ் கம்ப்யூட்டர், ஈமாக்ஸ் சாம்ப்ளர், மினிமூக் முதலிய சில சிந்தசைசர்கள் என்ற இந்தப் பரிவாரத்தோடு, உடன் வாசிக்கத் தமக்கிசைந்த குழு அமையாததால், எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்துப் பதிந்துகொண்டார். தொழிற்சாலை இசை என்ற பெயர் இத்தனை பொருத்தமாக அமைந்த வேறொரு பிறப்பை நான் அறியேன்: கருவி முதலாளியுடையது, இரவு உழைப்பாளியுடையது, பாட்டு இரண்டுக்கும் நடுவில் உருவானது.

அவ்விதம் உருவான ‘டவுன் இன் இட்’ என்ற பாட்டில் பெரிய சித்தாந்தம் ஒன்றும் இல்லை. ஒருகாலத்தில் எல்லாவற்றுக்கும் மேலே நின்றதாக எண்ணிக்கொண்டிருந்தவன் சேற்றில் விழுந்து கிடக்கிறான், அவ்வளவுதான். அவன் பாடுவதும் பேசுவதுமாக, ஏறக்குறைய ராப் பாணியில், வேகமாகச் சொற்களை அடுக்கிக்கொண்டு போகிறான். கீழே தாளம் இரக்கமின்றி ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்கிறது. மழையை விரட்டுகிற ஆங்கிலக் குழந்தைப் பாட்டொன்றின் சாயலும் இடையில் தலைகாட்டுகிறது. ஸ்கின்னி பப்பியின் ‘டிக் இட்’ என்ற 1986ஆம் ஆண்டுப் பாட்டுக்குத் தாம் கடன்பட்டிருப்பதை ரெஸ்னரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் அவருக்கு முன்னோர் பலர் யந்திரத்தின் இரைச்சலில் மனிதக் குரலை மூழ்கடித்தும் சிதைத்தும் ஒலிக்கச் செய்தார்கள். இவரோ இரைச்சலின் நடுவே, தன்னிரக்கமும் வெட்கமும் கோபமும் கலந்த ஒரு தனிமனிதனின் குரலைத் தெளிவாகக் கேட்கும்படி நிறுத்தினார். பாட்டை முணுமுணுக்க முடிந்தது; நடனமாடவும் முடிந்தது. இரைச்சல் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தது இந்த வழியாகத்தான்.

சிங்கிளின் தயாரிப்பில், லண்டனில் டப் இசையின் நுணுக்கங்களை நன்கறிந்த ஏட்ரியன் ஷெர்வுட்டும், நியூயார்க்கின் ஆரம்பகால ஹிப் ஹாப் தட்டுகளுக்கு டிரம் வாசித்த கீத் லெபிளாங்கும் கலந்துகொண்டார்கள். தட்டில் அந்த ஒரு பாட்டே ஸ்கின், ஷ்ரெட், சிஞ்ஜ் என்று மூன்று உருவங்களில் இடம்பெற்றது. நடனக் கூடங்களுக்கென்று பாட்டை நீட்டியும் பிரித்தும் தருவது அக்காலத்து வழக்கந்தான். தட்டின்மேல் பொறிக்கப்பட்ட ‘ஹேலோ 1’ என்ற குறிப்போ வழக்கமன்று. கம்பெனிகள் தம் சரக்குக்குத் தாமே பட்டியல் இலக்கம் இடுவது எங்கும் உள்ளது. அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் படைத்தவன் தன் சொந்த இலக்கம் ஒன்றை இடுவதுதான் புதுமை. அடுத்த மாதமே வெளிவந்த ‘பிரெட்டி ஹேட் மெஷின்’ என்ற ஆல்பம் ஹேலோ 2. பணத்தையே தெய்வமாக விளித்து ஏசும் ‘ஹெட் லைக் எ ஹோல்’ என்ற 1990ஆம் ஆண்டு சிங்கிள் ஹேலோ 3. முத்திரை கம்பெனிக்குரியதாக இருந்தாலும் கணக்கு என்னுடையது என்று சொல்லாமற் சொல்லுகிற இலக்கம் அது. கம்பெனி மாறியபோதும் கணக்கு அறுபடாமல் தொடர்ந்தது.

இதே பாட்டுக்காக எடுத்த குறும்படத்தின் கதை சுவையானது, பொருளோடு தொடர்புடையதும்கூட. சிகாகோவில் எடுத்த அந்தப் படத்தின் முடிவில், துரத்தப்பட்டு ஓடிய கதாநாயகன் உயரத்திலிருந்து விழுந்து தெருவில் பிணமாகக் கிடக்க வேண்டும். காமிரா அவனைவிட்டு மெல்ல மேலே எழும்ப வேண்டும். பாரந்தூக்கி யந்திரத்துக்குச் செலவிட வகையில்லாமல், காமிராவை ஹீலியம் பலூன்களில் கட்டிக் கயிற்றால் பிடித்துக்கொண்டார்கள். கயிறு அறுந்தது, காமிரா வானமார்க்கமாகப் பிரயாணம் செய்து, 200 மைலுக்கு அப்பால் மிச்சிகன் மாகாணத்து விவசாயி ஒருவருடைய நிலத்தில் போய் இறங்கியது. அவர் அதைப் போலீசாரிடம் சேர்ப்பித்தார். படச்சுருளைக் கழுவிப் பார்த்தவர்கள், முகம் வெளிறிக் கிடக்கும் வாலிபனையும் அவனைவிட்டு விலகிச் செல்லும் ஆட்களையும் கண்டு, உண்மையான கொலையொன்றின் சாட்சியமென்று நம்பி, விஷயத்தை எஃப்.பி.ஐ. வரையில் கொண்டு போனார்கள். நீண்ட விசாரணைக்குப் பிறகுதான், கொலையுண்டவர் ஊர் ஊராகப் போய்ப் பாடிக்கொண்டு நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார் என்பது அதிகாரிகளுக்குத் தெரியவந்தது! கையைவிட்டுப் போன படைப்பு எந்த நிலத்தில் இறங்கும், யார் கையில் என்ன அர்த்தம் பெறும் என்பதைப் படைத்தவன் தீர்மானிக்க முடியாது. கம்பெனிக்காரர் கையில் போனாலும், காற்றின் கையில் போனாலும் இந்த நியதி ஒன்றே.

கம்பெனியின் விஷயத்துக்கு வருவோம். இந்தத் தட்டை வெளியிட்ட டீ.வி.டீ. ரிகார்ட்ஸ், ஸ்டீவ் காட்லீப் என்பவர் 1985ல் நியூயார்க்கில் தொடங்கிய ஸ்தாபனம். பழைய தொலைக்காட்சித் தொடர்களின் முகப்பிசைகளைத் தொகுத்து விற்றதே அதன் ஆரம்ப மூலதனம். ரெஸ்னரின் ஆல்பம் சிறு கம்பெனிகளின் வெளியீடுகளுக்கு அரிதான பத்து லட்சம் பிரதி என்ற எல்லையைத் தாண்டிப் பிளாட்டினம் சான்று பெற்றது. வெற்றி வளர வளர, அடுத்ததும் அதைப்போலவே இருக்கவேண்டும் என்ற கம்பெனியின் ஆசையும், அப்படி இருக்கக்கூடாது என்ற கலைஞனின் பிடிவாதமும் வளர்ந்தன. கம்பெனிக்குத் தெரிந்தால் தலையிடும் என்று அஞ்சி, பொய்ப் பெயர்களில் ஒலிப்பதிவுக் கூடங்களை அமர்த்திக்கொண்டு, 1992ல் ‘புரோக்கன்’ என்ற சிறு ஆல்பத்தை ரெஸ்னர் ரகசியமாகவே செய்து முடித்தார். இரவில் ஒளிந்து பாட்டுச் செய்த கிளீவ்லாந்துப் பணியாள், பேரும் புகழும் வந்த பின்னும் ஒளிந்தே பாட்டுச் செய்ய நேர்ந்தது. ஒப்பந்தத்தின் ஒரு பங்கை இன்டர்ஸ்கோப் என்ற பெரிய கம்பெனி பெற்றுக்கொள்ள, அதன் நிழலில் ‘நத்திங்’ என்ற பெயரில் அவர் தமக்கொரு முத்திரையையும் அமைத்துக்கொண்டார்.

பெரிய கம்பெனியின் நிழலும் நிரந்தரமாகக் குளிர்ச்சியாக இருக்கவில்லை. 2005ல் ‘தி ஹேண்ட் தட் ஃபீட்ஸ்’ என்ற சிங்கிளை வெளியிட்டபோது, அந்தப் பாட்டின் குரல், தாளம், கிட்டார் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்த ஒலிக் கோப்புகளையே அவர் இலவசமாக வெளியிட்டார். வீட்டிலிருக்கும் எந்த ரசிகனும் தன் கம்ப்யூட்டரில் அவற்றைக் கூட்டியும் கழித்தும் தன் விருப்பப்படி கட்டலாயிற்று. 2007ல் ஆஸ்திரேலியாவில் தம் ஆல்பத்துக்கு அநியாய விலை வைத்திருப்பதாகக் கண்டு, சிட்னிக் கச்சேரி மேடையிலிருந்தே, தட்டைக் காசு கொடுத்து வாங்காமல் திருடிக்கொள்ளும்படி சபையோரை ஏவினார். அந்த அக்டோபரில் கம்பெனித் தளையிலிருந்து விடுபட்டார். 2008 மார்ச்சில் ‘கோஸ்ட்ஸ்’ என்ற 36 வாத்திய இசைத் துணுக்குகளின் தொகுதியில் ஒரு பகுதியை இலவசமாகவும், முழுவதையும் 5 டாலருக்கும், 2,500 பிரதிகளே கொண்ட உயர்ந்த பதிப்பை 300 டாலருக்கும் தாமே வெளியிட்டார். ஏப்ரல் 22 அன்று ‘டிசிப்ளின்’ என்ற சிங்கிள், இறுதி ஒலிச் செப்பம் முடிந்து ஒரு நாள்கூடக் கழியாத நிலையில், வானொலி நிலையங்களுக்கு நேரே போயிற்று. ரசிகர்களுக்கு இலவசமாகவும் கிடைத்தது. த்ராபிங் கிரிஸில் 1981ல் வெளியிட்ட சிங்கிள் ஒன்றுக்கும் அதே பெயர்தான். இந்தப் பாட்டு வெளிவந்த அந்த 2008ஆம் ஆண்டிலேதான், டீ.வி.டீ. கம்பெனி கடன் தாங்காமல் திவால் மனுச் செய்துகொண்டது.

இவ்வளவும் கேட்டபின், உங்களில் கூர்மையானவர் ஒருவர் எழுந்து, “ஐயா, கோடிக்கணக்கில் பொருள் சேர்ந்த பிறகு ஒரு பாட்டை இனாமாகக் கொடுப்பதில் என்ன தியாகம் இருக்கிறது? அந்தப் புகழைச் சம்பாதித்துக் கொடுத்தது அவர் ஏசிய அதே கம்பெனி அல்லவா?” என்று கேட்கலாம். இந்த ஆட்சேபம் பலமானது. இதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. 785 பிரதி அழுத்திய லண்டன் நால்வருக்கு முழுச் சுதந்திரம் இருந்தது, ஆனால் கேட்போர் சிலரே; பத்து லட்சம் பிரதி விற்ற கிளீவ்லாந்துக்காரருக்குக் கேட்போர் பலர், ஆனால் சுதந்திரம் பதினெட்டு ஆண்டு தாமதமாக வந்தது. புகழில்லாத ஓர் இளைஞன் 2008ல் அதேபோலத் தன் பாட்டை இலவசமாக வெளியிட்டிருந்தால், அதை ஏறெடுத்துப் பார்த்திருக்கக் கூடியவர்கள் எத்தனை பேர்? ஆகவே முதலாளியை வென்ற வீரகாதையாக இதை நான் உங்கள்முன் வைக்கவில்லை. யந்திரமும் பணமும் பெயரும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களோடு ஒவ்வொரு வெளியீட்டிலும் புதிதாகப் பேரம் பேசியாக வேண்டும் என்பதும், பாட்டின் சொற்களைவிட அந்தப் பேரத்தின் ஷரத்துகளில் கலைஞனுடைய நிலை நிஜமாகத் தெரிகிறது என்பதுமே இந்தச் சரித்திரத்தின் சாரம். சொற்களில் எவரும் கலகக்காரராகத் தோன்றலாம்; வெளியீட்டில் அவ்வளவு எளிதாக வேஷம் போட முடியாது.

சரித்திரம் 2008ல் நின்றுவிடவும் இல்லை. அன்று வெளியான ‘கோஸ்ட்ஸ்’ தொகுதியின் ஒரு துணுக்கை, பத்தாண்டுக்குப் பின் நெதர்லாந்து நாட்டு இளைஞர் ஒருவர் எடுத்து அதன்மேல் தாளம் கட்டி விற்க, லில் நாஸ் எக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் அதை 30 டாலருக்கு வாங்கி ‘ஓல்ட் டவுன் ரோட்’ என்று பாடினார். 2019ல் அது அமெரிக்காவின் பில்போர்டு பாட்டு வரிசையில் தொடர்ந்து 19 வாரம் முதலிடத்தில் நின்றது. பாட்டை ஆக்கியோர் வரிசையில் ரெஸ்னரின் பெயரும், அவரோடு கூடி உழைத்த ஆட்டிகஸ் ராஸின் பெயரும் இடம்பெற்றன. அடுத்தவர் யந்திரத்தில் இரவல் நேரத்தில் பாட்டுச் செய்தவருடைய ஒலி, முன்பின் அறியாத இளைஞர்களின் யந்திரத்துக்கு மூலப்பொருளாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆதலால், நண்பர்களே, கேட்பவர்களாகிய நமக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது என்று கருதுகிறேன். புதிய பாட்டொன்று நம் செவிக்கு எட்டும்போது, அது இனிக்கிறதா, கசக்கிறதா என்று மட்டும் பார்த்து அமைந்துவிடாமல், இது யாருடைய கருவியில் உருவாயிற்று, யார் செலவில் வெளிவந்தது, இதன்மேல் எழுதியிருக்கிற கணக்கு யாருடைய கணக்கு என்ற மூன்றையும் விசாரிக்கப் பழகுவோமாக. நாம் செலுத்தும் காசு, அது ஒரு தட்டின் விலையானாலும் மாதச் சந்தாவானாலும், அந்தப் பேரத்தில் ஏதோ ஒரு பக்கத்தில் போய் விழத்தான் செய்கிறது; எந்தப் பக்கம் என்று அறிந்து செலுத்துவதே ரசிகனுடைய தர்மம்.